சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் நான் சீவக சிந்தாமணியைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ பேசுவது வழக்கம். இவ்வாண்டு செயலாளர் தொலைபேசியில் தலைப்புக் கேட்டபோது, "பூனைக்கு இன்சுலின் மாற்றியதைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் ஒலியே இல்லை. பிறகு, "ஐயா, அதைச் சீவகாருண்யம் என்று அச்சிட்டுவிடலாமா?" என்று பணிவோடு கேட்டார். அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அவர் மீது பிழையில்லை. ஆனால் நான் பேச வந்தது பூனையைப் பற்றியும், ஊசியைப் பற்றியும், ஓய்வூதியத்தில் வாழும் ஒருவன் மருந்துச் செலவைக் குறைக்க முற்பட்டு ஓர் இரவில் செய்த பிழையைப் பற்றியுமே.

எங்கள் வீட்டுப் பூனைக்கு மணி என்று பெயர். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஊரெல்லாம் கேட்கிறார்களே, நாம் பூனையையே மணி ஆக்கிவிடுவோம் என்று என் பேத்தி சூட்டிய பெயர் அது. ஆண் பூனை, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யப்பட்டது, ஒன்பது வயது, வெளியில் அலையாது, திண்ணையே உலகமென்று கிடந்து நன்றாகக் கொழுத்திருந்தது. இவையெல்லாம் ஒரு பூனையிடம் சேர்ந்திருந்தால் நீரிழிவுக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதை அன்று நான் அறியேன்.

பூனை தண்ணீர் குடிப்பதை நாம் அதிகம் பார்ப்பதில்லை. பாலைநிலத்து முன்னோரின் வழித்தோன்றல் ஆதலால் அதற்கு நீர் வேட்கை குறைவு. அப்படிப்பட்ட மணி, முற்றத்துத் தொட்டியில் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வாய் வைக்கத் தொடங்கியது. பசியோ பெரும் பசி. உடலோ இளைத்தது. என் துணைவியார்தாம் மூன்றாவது அடையாளத்தைக் கண்டார். "இதன் நடையைப் பாருங்கள், பின்னங்கால் பாதம் முழுவதும் தரையில் படுகிறது" என்றார். பூனை விரல் நுனியில் நடக்கும் உயிர். நீரிழிவால் நரம்பு நலிந்தால் பின்னங்கால் குதிகால் வரை தரையில் படிய நடக்கும். உங்கள் வீட்டுப் பூனையோ தெருப் பூனையோ அவ்வாறு நடந்தால், மூட்டுவலி என்று எண்ணித் தைலம் தேய்க்காதீர்கள். நான் தேய்த்தேன்.

கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். குருதிச் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த இளம் மருத்துவர் அதை உடனே நம்பவில்லை. பூனை அஞ்சினாலே அதன் சர்க்கரை ஏறிவிடுமாம். கூடையில் அடைத்துப் பேருந்தில் கொண்டுவந்த பூனைக்கு நானூறு என்பது நோயாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். எனவே சிறுநீரையும் பார்த்தார்; ஃப்ரக்டோசமீன் என்னும் மற்றொரு சோதனையும் செய்தார். அது கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும். அச்சத்தால் ஒரு நொடியில் அது ஏறாது. நோய் உறுதியாயிற்று.

"மாத்திரை இல்லையா?" என்று எல்லோரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். பூனைகளுக்கென்றே ஒரு வகை மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022 இறுதியில் ஒப்புதல் கிடைத்ததென்றும், ஆயினும் எல்லாப் பூனைக்கும் அது பொருந்தாதென்றும், ஏற்கெனவே இன்சுலின் பெற்ற பூனைக்குத் தரக் கூடாதென்றும் மருத்துவர் விளக்கினார். நமக்கு ஊசிதான்.

முதலில் அவர் எழுதித் தந்தது மனிதர்களுக்கான என்.பி.எச். இன்சுலின். பால்போல் வெண்மையாய்க் கலங்கியிருக்கும். உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிய பின்பே ஊசியில் ஏற்ற வேண்டும். மில்லி லிட்டருக்கு 40 யூனிட். பத்து மில்லிக் குப்பியில் 400 யூனிட். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அதற்குரிய ஊசியின் மூடி சிவப்பு. இச்சிவப்பைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் நேரத்தை நாங்களே தேர்ந்துகொள்ளலாம், இடைவெளி பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் போதும் என்றார். காலை ஐந்தே முக்கால், மாலை ஐந்தே முக்கால் என்று வைத்தோம். காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஊசியோடு உணவும் வைக்க வேண்டும். கதிரவன் மறையுமுன் வீட்டார் உண்ணும்போதே மணியும் உண்ணட்டும் என்பது என் துணைவியார் விருப்பம். ஆனால் மணி இரவுண்ணாமையை மேற்கொண்டதாகச் சொல்ல இயலாது. பூனை கொறித்துக்கொண்டே இருக்கும் பிராணி.

இரண்டு மாதம் என்.பி.எச். போட்டோம். வீட்டிலேயே காதோரத்து மெல்லிய நரம்பில் குத்தி ஒரு துளி எடுத்து, என் தமையனார் விட்டுச் சென்ற குளுக்கோமீட்டரில் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மனிதருக்கான கருவி பூனையின் குருதியில் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டால் அவர் கணக்கில் கொள்வார். எப்போதும் ஒரே கருவியைப் பயன்படுத்துவதே இன்றியமையாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்துக் கட்டக் காகிதத்தில் புள்ளி வைத்தேன். காலையில் முந்நூற்று அறுபது. நான்கு மணி நேரத்தில் தொண்ணூறு. எட்டாம் மணி நேரத்தில் மீண்டும் முந்நூற்று எண்பது. கோடு இழுத்தால் கிணற்றில் விழுந்து ஏறியது போல் இருந்தது.

மருத்துவர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும், "சார், இந்த மருந்து இவனுக்கு நாள் முழுக்கத் தாங்கவில்லை" என்றார். பூனையின் உடலில் என்.பி.எச். விரைந்து வேலை செய்து விரைந்தே தீர்ந்துவிடும். அளவைக் கூட்டினால் கிணறுதான் ஆழமாகும், அகலம் ஆகாது. நீண்ட நேரம் சீராக வேலை செய்யும் கிளார்ஜின் என்னும் இன்சுலினுக்கு மாற்ற வேண்டும் என்றார். அங்கேதான் செலவுக் கணக்கு தொடங்கியது.

இடையே ஒரு செய்தி. இன்சுலின் கண்டறியப்பட்ட கதையை நம் அவையில் சொல்வது எளிதன்று. 1921இல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை அகற்றி, அவற்றுக்கு நோய் உண்டாக்கி, வேறு நாய்களின் கணையச் சாற்றைச் செலுத்திப் பார்த்தே அதைக் கண்டனர். 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அச்சாறு ஏற்றப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு உலகின் இன்சுலின் ஏறக்குறைய முழுவதும் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே, அதாவது கசாப்புக் கூடங்களிலிருந்தே வந்தது. நம் முன்னோரில் நீரிழிவால் துன்புற்ற எத்தனையோ பேர் அந்த மருந்தை ஏற்பதா மறுப்பதா என்று தவித்திருப்பார்கள். 1982இல்தான் நுண்ணுயிரின் மரபணுவை மாற்றி உண்டாக்கிய மனித இன்சுலின் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. இன்று மருந்துக்கடையில் நாம் வாங்கும் மனித இன்சுலின் கசாப்புக் கூடங்களிலிருந்து வருவதில்லை.

ஆனால் விலங்குகளுக்கென்றே விற்கும் இன்சுலின் ஒன்று வெளிநாட்டில் உண்டு. அது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. என் மகனின் நண்பர் ஒருவர் அயல்நாட்டிலிருந்து வரும்போது அதை வாங்கி வருவதாகச் சொன்னார். "பூனைக்கென்றே செய்த மருந்து, அதுவே பொருத்தம்" என்று மகனும் வற்புறுத்தினான். எனக்கும் சபலம் உண்டாயிற்று. துணைவியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது எதிலிருந்து?" விடை தெரிந்ததும் அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை, குளிர்பதனப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். நான் மருத்துவரிடம் கேட்டேன். அறத்தை விட்டுவிட்டு மருத்துவத்தை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பன்றி இன்சுலினும் பல பூனைகளிடத்தில் பன்னிரண்டு மணி நேரம் தாங்குவதில்லை. விமானத்தில் குளிர் குறையாமல் கொண்டுவருவதும் கடினம். ஒரு குப்பி தீர்ந்தால் அடுத்ததற்கு எங்கே போவது என்று கேட்டார். இன்னொன்றும் சொன்னார். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உண்டு. பூனையின் இன்சுலினோடு ஒப்பிட்டால் மாட்டின் இன்சுலின் ஓரிடத்தில் மாறுபடும், பன்றியினது மூன்றிடத்தில், மனிதனது நான்கிடத்தில். ஆயினும் மனித இன்சுலினும் கிளார்ஜினும் பூனையிடம் நன்றாகவே வேலை செய்கின்றன. நம் மருந்துக்கடையில் கிடைப்பதே இவ்வாறு குறைவான உயிர்க்கேட்டோடும் குறைவான செலவோடும் ஒத்துப்போயிற்று. (நுண்ணுயிரும் உயிர்தானே என்று முன்வரிசைப் பெரியவர் முணுமுணுப்பது கேட்கிறது. உயிர்தான். அதற்கு என்னிடம் விடையில்லை.)

இனிச் செலவு. கிளார்ஜினை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் லாண்டஸ் ஒன்று. நம் நாட்டு நிறுவனங்கள் செய்யும் பேசலாக், கிளாரிடஸ் போன்றவை வேறு. மருந்து ஒன்றே, விலைதான் வேறு. பெங்களூரில் செய்யப்படும் பேசலாக், ஈஸ்ட்டு என்னும் நுண்ணுயிரில் வளர்ப்பது. 2022இல் இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் கிளார்ஜின் இடம்பெற்றது. அப்பட்டியலில் உள்ள மருந்துக்கு உச்சவிலை விதிக்கப்படும். எனினும் யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் என்.பி.எச்.ஐ விடப் பல மடங்கு அதிகம். பூனைக்கா இத்தனை செலவு என்று கேட்ட உறவினரின் பட்டியலை நான் இங்கே வாசிக்கப் போவதில்லை. சிலர் இவ்வவையில் இருக்கிறார்கள்.

நான் கணக்கு வாத்தியார் அல்லன். ஆயினும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பத்து மில்லிக் குப்பியில் ஆயிரம் யூனிட். பேனாவில் பொருத்தும் மூன்று மில்லிக் குழலில் 300 யூனிட். மணிக்குத் தொடக்க அளவு வேளைக்கு ஒரு யூனிட், நாளுக்கு இரண்டு. பெரும்பாலான பூனைகளுக்கு அவ்வளவில்தான் தொடங்குவர். ஒரு மருந்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பழைய அளவை அப்படியே எடுத்துச் செல்லாமல், மருத்துவர் கீழிருந்தே தொடங்கச் சொன்னார். திறந்த குழலை 28 நாளில் எறிந்துவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் குறிப்பு. 28 நாளில் செலவாவது 56 யூனிட். மிச்சம் 244 யூனிட்டும் குப்பைக்கு! சுமையாக இருப்பது பூனை உட்கொள்ளும் மருந்தன்று. நாம் கொட்டும் மருந்து.

இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஓய்வூதியக்காரன் என்பதையும் சொன்னேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நான் செய்தவற்றுள் நன்மை பயந்தது அந்த ஒன்றே. அவர் முகம் சுளிக்கவில்லை. பெரிய குப்பி வேண்டாம், சிறிய குழலே வாங்குங்கள் என்றார். பூனைக்குத் தரும் அளவு மிகச் சிறிதாகையால், எப்போதும் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்து, உறையவிடாமல், குலுக்காமல், தெளிவு மாறாதவரை 28 நாளைத் தாண்டியும் பயன்படுத்தும் வழக்கம் கால்நடை மருத்துவத்தில் உண்டு என்று சொல்லி, தம் கண்காணிப்பில் எங்களுக்கு மூன்று மாதம் அனுமதித்தார். இது அவர் எங்களுக்குச் சொன்னது. மனிதர்களாகிய நீங்கள் உங்கள் குழலுக்கு இதைப் பொருத்திக்கொள்ளாதீர்கள். இவ்வாறு ஆண்டுக்குப் பதின்மூன்று குழல் நான்காகக் குறைந்தது. கிளார்ஜின் இப்போது என் கைக்கு எட்டியது.

குழலிலிருந்து பேனாவால் ஏற்றாமல் ஊசியால்தான் எடுத்தோம். பேனா ஒவ்வொரு யூனிட்டாகத் தாவும். பூனைக்கு அரை யூனிட்டும் வேண்டியிருக்கலாம். ஊசியால் எடுத்த குழலை மீண்டும் பேனாவில் பொருத்தலாகாது என்றும் எச்சரித்தார்.

கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவானது. முந்தைய மருந்து கலங்கியிருந்தால்தான் சரி. இது கலங்கினால் எறிய வேண்டியது. கைப்பழக்கம் இரண்டு மாதத்தில் வேரூன்றிவிடுகிறது. முதல் சில நாள் உள்ளங்கை தானாகவே உருட்டப் போயிற்று. இம்மருந்து அமிலத் தன்மையுடையது. தோலுக்கடியில் சென்றதும் அமிலம் நீங்கிச் சிறு சிறு மணிகளாகப் படிந்து, அவை கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து குருதியில் சேர்கின்றன. நாள் முழுதும் தாங்குவதன் கமுக்கம் அதுதான். ஆகவே தண்ணீர் சேர்த்து நீர்க்கவோ வேறு இன்சுலினோடு கலக்கவோ கூடாது. சிறிய அளவை எடுப்பது கடினமாயிருந்ததால் நீர்த்துப் பார்க்கலாமா என்று நான் எண்ணியதுண்டு. கேட்டுவிட்டுத்தான் எண்ணத்தைக் கைவிட்டேன்.

கேளாமல் செய்தது ஒன்று உண்டு.

கிளார்ஜின் மில்லி லிட்டருக்கு 100 யூனிட் அடர்த்தி உடையது. அதற்குரிய ஊசியின் மூடி ஆரஞ்சு நிறம். 0.3 மில்லி அளவுள்ள சிறு ஊசியைக் கேட்டு வாங்க வேண்டும்; ஒரு மில்லி ஊசியில் கோடு இரண்டிரண்டு யூனிட்டாக இருக்கும், பூனைக்கு உதவாது. எங்கள் ஊர்க் கடையில் அது எப்போதும் இராது. நான் வாங்கிய ஆரஞ்சு மூடி ஊசிகள் ஒரு நாள் காலையோடு தீர்ந்துவிட்டன. அன்று மாலை நல்ல மழை. அலமாரியில் பழைய சிவப்பு மூடி ஊசிகள், பிரிக்காதவை, ஏறக்குறைய முப்பது இருந்தன. அவற்றை எறிய எனக்கு மனம் வந்ததில்லை. அதற்குள் மணியின் அளவை மருத்துவர் வேளைக்கு இரண்டு யூனிட்டாக உயர்த்தியிருந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இரண்டு யூனிட் என்றால் இரண்டாம் கோடு. கோடு எந்த ஊசியில் இருந்தால் என்ன? முப்பத்துநான்கு ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லின் பொருள் இடத்தால் மாறும் என்று கற்பித்தவன் நான்.

சிவப்பு மூடி ஊசியின் இரண்டாம் கோடு 0.05 மில்லி. நாற்பது யூனிட் மருந்தில் அது இரண்டு யூனிட். நூறு யூனிட் மருந்தில் அது ஐந்து. இரண்டரை மடங்கு. மருந்தின் பெயர் மாறியதை நான் அறிவேன், விலை மாறியதை அறிவேன். அடர்த்தி மாறியதை ஒருவர் சொல்லக் கேட்டும், கை அறியவில்லை.

அன்று மணி சரியாகச் சாப்பிடவும் இல்லை. இரவு பதினொரு மணியளவில் துணைவியார் எழுப்பினார். சமையலறை மூலையில் மணி நிற்க முயன்று விழுந்துகொண்டிருந்தது. தலை ஆடியது. வாயில் எச்சில் வழிந்தது. கண் திறந்திருந்தும் எங்களை அறியவில்லை. காதில் குத்தினேன். 38 என்று காட்டியது. பூனைக்கு அறுபதுக்குக் கீழே இறங்கினாலே அபாயம்.

மருத்துவ நூல்களில் இந்நிலைக்குத் தேன் அல்லது சோளப்பாகை ஈற்றில் தடவச் சொல்வார்கள். தேன் நம் இல்லங்களில் இல்லை. இருக்கப் போவதும் இல்லை. கடையில் விற்கும் குளுக்கோசு மாவைச் சிறிது நீரில் குழைத்தால் போதும். அதுவும் இல்லையேல் சர்க்கரைப் பாகு. என் கை நடுங்கியதால் துணைவியாரே விரலில் தொட்டு ஈற்றில் தடவினார். வாயில் ஊற்றக் கூடாது. நினைவு தப்பிய பூனைக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வலிப்பு வரும்போது வாய்க்குள் விரலும் விடக் கூடாது. பத்து நிமிடத்தில் 55. இன்னும் சிறிது நேரத்தில் தலை நிமிர்ந்தது. பிறகு உணவை மோந்தது. தொலைபேசியில் மருத்துவரை எழுப்பினேன். அவர் முதலில் கேட்டது, "எந்த ஊசியில் எடுத்தீர்கள், சார்?" என்பதே. நான் சொல்லும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

இம்மருந்து நெடுநேரம் தாங்கும் என்பதால் அன்று அதன் நன்மையே தீமையாயிற்று. ஒருமுறை சர்க்கரை ஏறியதும் உறங்கப் போய்விட முடியாது, மீண்டும் இறங்கும். விடியும்வரை அரை மணிக்கு ஒருமுறை குத்தினோம். இரண்டு முறை மறுபடியும் குளுக்கோசு தடவினோம். அந்த ஓர் இரவில் ஒரு மாதத்துக்குரிய சோதனைப் பட்டைகள் தீர்ந்தன. விடியற்காலையில் வாடகைக் கார் பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். காலை ஊசியை நிறுத்திவைத்தார்; பகல் முழுதும் அங்கேயே வைத்துப் பார்த்தார். சிவப்பு மூடி ஊசிகள் முப்பதின் விலையைக் காப்பாற்றப் போய் நான் செலவிட்ட தொகையைத் துணைவியார் இன்றுவரை கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். பூனையின் காதுகள் இரண்டும் மறுநாள் சல்லடையாய் இருந்தன.

இவ்வவையில் இன்சுலின் போட்டுக்கொள்வோர் பலர் இருக்கிறீர்கள். நம் நாட்டில் 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் மருந்தும் ஒரே கடையில், ஒரே அலமாரியில் விற்கப்படுகின்றன. மருத்துவர் மருந்தை மாற்றி எழுதினால், வீடு திரும்பியதும் பழைய ஊசிகளை முதலில் வீட்டைவிட்டு அகற்றுங்கள். குப்பியிலும் ஊசியிலும் ஒரே எண் அச்சாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மனிதருக்கு இருபது யூனிட் வேண்டிய இடத்தில் ஐம்பது ஏறினால் என்னாகும் என்பதை நான் சொல்ல விரும்பவில்லை.

உணவைப் பற்றிப் பேசாமல் போனால், தெரிந்தே மறைத்தான் என்பீர்கள். மணியின் உணவு அதுவரை பாலும் சோறும், சில நாள் தயிர்ச் சோறும். "இதுதான் இவனுக்கு நஞ்சு" என்றார் மருத்துவர். பூனை முழுக்க ஊனுண்ணும் பிராணி. டாரின் என்னும் சத்து ஊனில் மட்டுமே போதிய அளவு உண்டு; அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். காய்கறியிலிருந்து வைட்டமின் ஏ-யை ஆக்கிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கில்லை. சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் இன்சுலின் தேவையே குறையும். தொடக்கத்திலேயே நன்றாகக் கட்டுப்படுத்தினால் சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாத நிலையும் வரும். செலவு நோக்கில் பார்த்தாலும் அதுவே சிறந்த வழி.

எங்கள் வீட்டில் அந்த வாரம் யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள நம் லால் மந்திரில் பறவைகளுக்கான அறமருத்துவமனை ஒன்று இயங்குவதை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஊனுண்ணும் பறவைகளுக்கும் மருந்திடுவர். ஆனால் உள்ளே தங்கவைப்பதில்லை, புறநோயாளியாகப் பார்த்து அனுப்பிவிடுவது வழக்கம். நான் அதை எடுத்துச் சொன்னேன். "மணி புறநோயாளி அன்று, நம் வீட்டில் பிறந்தது" என்றார் துணைவியார். கடைசியில் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்தோம். பூனைகளுக்கென்று அடைத்து விற்கும் உணவை அங்கே நானே பிரித்து, அங்கேயே வைத்து, கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறேன். சமையலறைக்குள் அது வருவதில்லை. இது சரியா தவறா என்று கற்றறிந்த பெரியவர் ஒருவரைக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, பூனையின் வயதைக் கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. உங்களில் சிலருக்கு இதில் உடன்பாடு இராது. எனக்கே சில நாள்களில் இல்லை.

உணவை மாற்றுவோர் ஒன்றை மட்டும் கருதுங்கள்: உணவு மாறினால் சர்க்கரை இறங்கும், பழைய அளவு ஊசியையே போட்டால் அதே பதினொரு மணி இரவு திரும்பி வரும். எனவே மருத்துவர் சொல்லாமல் உணவை மாற்ற வேண்டாம். நாங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு சோற்றைக் கரண்டி கரண்டியாகக் குறைத்தோம்.

அளவை மாற்றிய பிறகு ஏறக்குறைய ஒரு வாரமாவது பொறுத்தே அடுத்த மாற்றத்தைப் பற்றி மருத்துவர் பேசுவார். பொறுமையில்லாமல் ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கூட்டிவிடக் கூடாது. சோதனைப் பட்டைகளை நாள்தோறும் பலமுறை செலவிடாமல், குறித்த நாளில் முழுப் பகலும் பார்த்துக் கோடு வரைந்து, அதைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினேன். பேருந்துச் செலவும் பூனையின் அச்சமும் ஒருங்கே மிச்சமாயின. ஆனால் ஊசியை மட்டும் இருமுறை பயன்படுத்துவதில்லை. முனை மழுங்கும், மருந்துக் குழலுக்குள் கிருமியும் போகும்.

நான்கு மாதங்களுக்குப் பின் வரைந்த கோடு கிணறாக இல்லை; நம் ஊர் ஏரிக்கரையைப்போல் இலேசாக ஏறி இறங்கியது. அடியில் நூற்றுப் பத்து, மேலே இருநூற்று முப்பது. மணி இப்போது விரல் நுனியில் நடக்கிறது. திண்ணையிலிருந்து சன்னலுக்குத் தாவுகிறது. அளவு வேளைக்கு அரை யூனிட்டாக இறங்கியிருக்கிறது. முற்றிலும் நிறுத்தும் நாள் வருமா என்று மருத்துவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்றிரண்டு வேளை விட்டுப் பார்க்கலாமே என்று பக்கத்து வீட்டார் சொன்னபோது மட்டும் உறுதியாக மறுத்தேன். தானாக நிறுத்தினால் குருதியில் நஞ்சு சேர்ந்து சில நாளில் உயிரே போய்விடக்கூடும்.

இரண்டு வகை ஊசியையும் முனையை நீக்கிவிட்டு ஒரு தட்டில் கொண்டுவந்திருக்கிறேன். ஆரஞ்சு மூடியிட்டது ஒன்று, சிவப்பு மூடியிட்டது ஒன்று. மேடையருகே வைத்துவிட்டுப் போகிறேன். வேண்டுவோர் கையில் எடுத்துக் கோடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கேள்விகளை என் துணைவியாரிடம் கேளுங்கள். என்னைவிட அவர் நன்றாகவே சொல்வார். மணி ஐந்து பத்து ஆகிறது. ஐந்தே முக்காலுக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும்.